குளத்து நீர்த்தெள்ளு நெருக்கடியை எப்படித் தாங்குகிறது: யாழ்ப்பாண மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறு குளங்களும் வயலோரக் குட்டைகளும் வெடித்த சேறாகிவிடுகின்றன. ஐப்பசியில் மாரி தொடங்கி நீர் தேங்கிய சில வாரங்களுக்குள், அதே சேற்றின் மேல் கடுகிலும் சிறிய உயிர்கள் துள்ளித் துள்ளி நீந்துகின்றன. எவரும் அவற்றைக் கொண்டுவந்து விடவில்லை. வரட்சி, வெப்பம், உப்பு, ஒட்சிசன் குறைவு, மீன் வாய் என்று ஒரே ஆண்டில் இத்தனை நெருக்கடிகளைக் கடந்து வாழும் இந்த நீர்த்தெள்ளைப் போல, பாடசாலை ஆய்வுகூடத்துக்குப் பொருத்தமான விலங்கு நம் மண்ணில் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். செலவு மிகக் குறைவு. பார்ப்பதற்கோ ஏராளம்.

பரிசோதனையில் இறங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நெருக்கடிக்கு நீர்த்தெள்ளு மூன்று வேகங்களில் பதில் தருகிறது. நிமிடங்களில் மாறுவது நடத்தையும் இதயத்துடிப்பும். நாட்களில் மாறுவது உடல்: நிறம், அளவு, முட்டைகளின் எண்ணிக்கை. தலைமுறைகளில் மாறுவது கூட்டத்தின் மரபமைப்பு. முதல் இரண்டும் தனி உயிரின் இசைவாக்கம், மூன்றாவதுதான் பரிணாமம். மாணவர் எழுதும் அறிக்கைகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. உப்பு நீரில் ஒரு தெள்ளு பிழைத்ததும் "உப்புக்கு இசைவாக்கம் அடைந்த இனம்" என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம் அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும் வகையிலேயே அமைக்கப்பட்டுள்ளன.

படி 1: பிடிப்பது

மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். மீன் இல்லாத, ஆழம் குறைந்த, லேசாகப் பச்சை கட்டிய நீரைத் தேடுங்கள். வழுக்கை ஆற்றுப் படுகையின் ஓரக் குட்டைகள், வயல் வாய்க்கால்கள், மாடு இறங்கும் சிறு குளங்கள் எல்லாம் ஏற்றவை. ஆரியகுளம் போன்ற பெரிய குளங்களில் மீன் இருப்பதால் தெள்ளுகள் குறைவாகவும் சிறியவையாகவும் இருக்கும். கோயில் கேணியாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். வயல் நீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. கையுறையும் பூட்ஸும் இல்லாமல் மாணவரை இறக்க வேண்டாம்.

மஸ்லின் துணியைக் கம்பி வளையத்தில் தைத்தால் வலை தயார். வெயில் ஏறுமுன் போங்கள். பகலில் பல இனங்கள் ஆழத்துக்கு இறங்கிவிடும். பிடித்ததை வாய் அகன்ற போத்தலில், அதே குளத்து நீரில், முக்கால் பங்கு மட்டும் நிரப்பிக் கொண்டுவாருங்கள்.

நம் பாடநூல்களிலும் இணையத்திலும் காட்டப்படும் பெரிய நீர்த்தெள்ளான டப்னியா மக்னா குளிர்நாட்டு இனம். இங்கே வலையில் அகப்படுவது பெரும்பாலும் மொய்னா என்ற நீர்த்தெள்ளும் அதன் சிறு உறவினங்களும்தான். மொய்னாவுக்கு உடல் உருண்டை, வாலில் முள் இல்லை, தலையின் கீழே உணர்கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டப்னியாவுக்குத் தலை அலகு போலக் கூராகி, ஓட்டின் பின்முனை முள்ளாக நீளும். மக்னாவுக்கு எழுதப்பட்ட 20 பாகை வெப்பநிலையை நம் மொய்னாவின் மேல் திணிக்க வேண்டாம். அது 28, 30 பாகை செல்சியஸில் சுகமாக வாழும்; பிறந்த சில நாட்களிலேயே குஞ்சு பொரிக்கும். நமக்கு அது பெரிய வாய்ப்பு. குளிர்நாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும் பரிசோதனையை இங்கே இரண்டு வாரத்தில் முடிக்கலாம்.

படி 2: ஒரே தாயிலிருந்து ஒரு குலம்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களின் மற்றப் படிகள் எல்லாம் வீணாகும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல காலத்தில் நீர்த்தெள்ளுகள் எல்லாமே பெண்கள். ஆண் துணையின்றித் தம் முட்டைகளைத் தாமே முதுகுப் பையில் பொரித்துப் பெண் குஞ்சுகளை வெளிவிடுகின்றன. இதைக் கன்னிப்பிறப்பு என்கிறோம். குஞ்சுகள் தாயின் மரபணுப் பிரதிகள். ஒரே ஒரு தாயைத் தனியே எடுத்து வளர்த்தால், ஒரே மரபமைப்புள்ள நூற்றுக்கணக்கான தெள்ளுகள் கிடைக்கும். அவற்றைப் பிரித்து வெவ்வேறு நீரில் விட்டு, அவற்றுக்குள் வேறுபாடு தோன்றினால், அதற்கு மரபணு வேறுபாட்டைக் காரணம் காட்ட முடியாது, சூழல்தான் காரணம். ஜெர்மானிய உயிரியலாளர் றிச்சாட் வொல்ற்றெறெக் 1909 இல் நீர்த்தெள்ளுகளின் தலை வடிவத்தை ஆராய்ந்தபோதுதான், ஒரு மரபமைப்பு வெவ்வேறு சூழலில் வெவ்வேறு உருவம் தரும் என்ற கருத்து அறிவியலில் வேரூன்றியது.

முட்டை சுமந்த ஒரு தாயைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, 100 மில்லிலீற்றர் நீருள்ள யோகட் கோப்பையில் விடுங்கள். சொட்டுக்குழாயின் வாய் அகலமாக இருக்கட்டும். நீருக்கு வெளியே தெள்ளைத் தூக்கினால் ஓட்டுக்குள் காற்றுக் குமிழ் புகுந்து, அது மேற்பரப்பில் மிதந்தபடி சாகும். குழாயின் நுனியை நீருக்குள் வைத்தே வெளியே விடுங்கள்.

நீரைப் பற்றி: குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவதால் கல்சியம் நிறைந்தது. ஓடு உரித்து வளரும் இந்த உயிருக்கு அது நல்லதே. ஆனால் கிணற்றுக்குக் கிணறு உப்பின் அளவு மாறும். எல்லாக் கோப்பைகளுக்கும் ஒரே கிணற்று நீரை ஒரே நாளில் எடுத்து, வடித்து, ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். குளோரீன் இட்ட கிணறு வேண்டாம். குழாய் நீரும் வேண்டாம்.

உணவுக்குப் பச்சை நீர் சிறந்தது: குளத்து நீரை வாளியில் ஊற்றிச் சிறிது மாட்டெருக் கரைசல் சேர்த்து வெயிலில் வைத்தால் அல்கா பெருகும். அவசரத்துக்கு ஈஸ்ட் கரைசல் போதும். எதை இட்டாலும் நீர் லேசாகக் கலங்கி அடுத்த நாளுக்குள் தெளிய வேண்டும். தெளியவில்லை என்றால் உணவு கூடிவிட்டது. மிஞ்சியது அழுகி ஒட்சிசனை உறிஞ்சிவிடும். தெள்ளுகள் பசியால் சாவதைவிட இப்படி அதிக உணவால் சாவதே வழக்கம்.

வாளி, கோப்பை எல்லாவற்றையும் மெல்லிய துணியால் இறுக மூடிக் கட்டுங்கள். நுளம்பு முட்டையிட இடம் கொடுத்தால் டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள், கேட்பதும் நியாயமே.

படி 3: நிமிடங்களில் வரும் பதில்

வழுக்கியில் சில பஞ்சு இழைகளை விரித்து, ஒரு துளி நீரோடு ஒரு தெள்ளை விடுங்கள். இழைகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். மூடுதுண்டு வேண்டாம். நுணுக்குக்காட்டியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஓடு கண்ணாடியாய்த் தெரியும். தலையில் ஒரே ஒரு கரிய கண். அது ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுவே பச்சை உணவு நிரம்பிய குடல் வளைந்து இறங்கும். முதுகுப் பக்கம், முட்டைப் பைக்குச் சற்று மேலே, நிறமற்ற சிறு பை ஒன்று விரைந்து சுருங்கி விரியும். அதுதான் இதயம். முதன்முறை அதைக் காணும் மாணவர் கொஞ்ச நேரம் எண்ண மறந்துபோவார்கள், விடுங்கள், பார்க்கட்டும்.

நிமிடத்துக்கு 200, 300 தடவை துடிக்கும் இதயத்தைக் கண்ணால் எண்ண முடியாது. துடிப்புக்கொரு புள்ளியாகத் தாளில் பென்சிலால் பத்து விநாடி குத்திக்கொண்டே போய், பிறகு எண்ணலாம். கைத்தொலைபேசியை வில்லையில் பொருத்தி மெதுவோட்டக் காணொளி எடுத்தால் இன்னும் நம்பகமானது.

இப்போது வெப்பம். 20, 25, 30 பாகையில் வைத்த நீரைச் சிறு கிண்ணங்களில் தயாராக்கி, தெள்ளை ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் வைத்து எண்ணுங்கள். சூடு ஏற ஏறத் துடிப்பு ஏறும். நுணுக்குக்காட்டி விளக்கின் சூடே ஒரு துளி நீரை வெகு விரைவில் சூடாக்கிவிடும் என்பதால், விளக்கை எண்ணும் நேரம் மட்டும் போடுங்கள்.

எண்ணி முடித்ததும் அதே தெள்ளைப் பழைய நீரில் விட்டு மறுபடி எண்ணுங்கள். துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பும். திரும்புவதைக் காட்டிய பிறகே இது வெறும் உடனடிப் பதில் என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

படி 4: நாட்களில் சிவக்கும் உடல்

20 பாகை நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராம் அளவுக்கு இறங்கும். உடலின் தேவையோ சூட்டோடு ஏறும். சித்திரை வெயிலில் சூடேறிய குட்டை ஒன்றில் நீர்த்தெள்ளுக்கு இரு பக்கமும் நெருக்கடி.

அதற்கு அது கண்டிருக்கும் வழி, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின். நம்மில் செங்குருதிக் கலத்துக்குள் இருப்பது, இதன் உடலில் குருதிப் பாய்மத்தில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. ஒட்சிசன் குறைந்தால் ஈமோகுளோபின் மரபணுக்கள் மிகுதியாக இயங்கி, சில நாட்களில் உடல் இளஞ்சிவப்பாகிவிடும்.

ஒரே குலத்துத் தெள்ளுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பகுதியை அகன்ற தட்டில் ஆழமற்ற நீரிலும், மறுபகுதியை ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலில் கழுத்துவரை நிரப்பிய நீரிலும் வையுங்கள். நீரின் அளவு, எண்ணிக்கை, உணவு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நாள்தோறும் இரண்டிலிருந்தும் சிலவற்றை வெள்ளைப் பீங்கான் தட்டில் அருகருகே விட்டுப் பாருங்கள். போத்தல் தெள்ளுகள் மேற்பரப்பில் மொய்க்கத் தொடங்கினால் ஆபத்து. கொஞ்ச நீரை மாற்றிவிடுங்கள். சிவந்தவற்றைத் தட்டு நீருக்கு மாற்றினால் நிறம் மெல்ல வெளிறும்.

இந்தச் சிவப்பு இலவசமாக வருவதில்லை. ஈமோகுளோபின் செய்யப் புரதம் செலவாகிறது. சிவந்த உடல் மீனின் கண்ணில் எளிதில் படுகிறது. ஒட்சிசன் உள்ள நீரில் அவை ஏன் நிறமற்றிருக்கின்றன என்பதற்கு இதுவே விடை.

படி 5: உப்பு, நம் சொந்தப் பிரச்சினை

குடாநாட்டில் நன்னீர் என்பது உப்பு நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர் என்பதை எல்லாரும் அறிவோம். கூடுதலாக இறைத்தால் உப்பு மேலேறும்; கோடையில் குளம் வற்றும்போது இருக்கும் உப்பே செறிவாகும். ஆகவே யாழ்ப்பாணத்தில் நீர்த்தெள்ளை ஆராய்கிறவர் ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யட்டும்.

அயடின் சேர்க்காத உப்பு 10 கிராமை ஒரு லீற்றர் கிணற்று நீரில் கரையுங்கள். இந்தக் கரைசலில் 10 மில்லிலீற்றர் எடுத்து, அதே கிணற்று நீரால் 100 மில்லிலீற்றராக்கினால் லீற்றருக்கு 1 கிராம் கூடுதல் உப்பு. 20 எடுத்தால் 2 கிராம். இப்படியே 5 கிராம் வரை தயாரியுங்கள். உப்புச் சேர்க்காத கட்டுப்பாட்டு நீரும் வேண்டும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது என்பதை ஒப்பிட நினைவில் வையுங்கள்.

முந்தின மாலை முட்டைப் பை நிறைந்த தாய்களைத் தனிக் கோப்பைக்கு மாற்றுங்கள். காலையில் அங்கே கிடைக்கும் குஞ்சுகள் எல்லாம் 24 மணி நேரத்துக்குக் குறைந்த வயதுடையவை. ஒவ்வொரு செறிவுக்கும் நான்கு கோப்பை, கோப்பைக்கு ஐந்து குஞ்சு, ஆக இருபது. உலகெங்கும் நீர் நச்சுப் பரிசோதனைக்குக் கையாளும் முறை இதுதான். பரிசோதனை நேரத்தில் உணவு இல்லை. 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் கோப்பையை மெதுவாக ஆட்டிவிட்டு 15 விநாடி பாருங்கள். அதற்குள் நீந்தாதவற்றை அசைவற்றவை என்று குறியுங்கள். கட்டுப்பாட்டு நீரிலேயே பத்து வீதத்துக்கு மேல் அசைவற்றுப் போனால் அந்த முறை முழுவதையும் தள்ளிவிட்டு மீண்டும் செய்யுங்கள். கையில் கிடைத்த எண்களை எப்படியாவது காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

நன்னீர்த் தெள்ளின் உடற்பாய்மம் சுற்றுநீரைவிட உப்பானது. வெளியேறும் அயன்களை அது ஓயாமல் உள்ளிழுத்து ஈடுசெய்கிறது. சுற்றுநீரின் உப்பு உடலின் அளவைத் தாண்டும்போது, இந்த ஏற்பாடு பயனற்றுப்போகிறது. ஆனால் சாவு மட்டுமே விளைவு அல்ல. லீற்றருக்கு 1 கிராமில் எல்லாம் உயிரோடு இருக்கும். அவற்றை வளர்த்து, முதல் ஈற்றுக்கு எத்தனை நாளாகிறது, எத்தனை குஞ்சு என்று எண்ணிப் பாருங்கள். சக்தி எங்கே செலவாகிறது என்பது குஞ்சுக் கணக்கில்தான் தெரியவரும்.

இதே முறையில் கிணற்று நீர்களையும் ஒப்பிடலாம். அப்போது ஓர் எச்சரிக்கை: தெள்ளு வாழும் நீர் குடிக்க உகந்த நீர் அல்ல. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்திலிருந்து நம் கிணறுகளில் இறங்கும் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டினாலும் நீர்த்தெள்ளு கவலையின்றி நீந்தும். கைக்குழந்தைக்கோ அது ஆபத்து. மறுபுறம், மனிதரை உடனே பாதிக்காத சிறு அளவு பூச்சிகொல்லியே தெள்ளுகளைக் கொன்றுவிடும். பாடசாலையில் பூச்சிகொல்லிகளைக் கையாளவே வேண்டாம்.

படி 6: மீனின் வாடை

மீன் இருக்கும் நீரில் மீனைக் காணாமலே நீர்த்தெள்ளு மாறுகிறது. மீனின் பித்த உப்பு ஒன்று நீரில் கலந்து அதற்கு எச்சரிக்கையாகிறது என்று 2019 இல் கண்டறியப்பட்டது. சில நாடுகளின் டப்னியா, கொசுவின் உறவான ஒரு கண்ணாடிப் புழுவின் வாடை பட்டால் கழுத்தில் சிறு பற்களை வளர்க்கும். வெப்பநாட்டு டப்னியா லும்ஹொல்ட்சி தலையில் கூரிய நீண்ட கவசத்தையும் வாலில் நீண்ட முள்ளையும் வளர்க்கும்.

குப்பி மீன்கள் இரண்டு நாள் இருந்த நீரை வடித்து எடுங்கள்; மீனில்லாமல் அதே நேரம் வைத்த நீர் கட்டுப்பாடு. உயரமான கண்ணாடிச் சாடிகள் இரண்டில் ஊற்றி, மேலிருந்து வெளிச்சம் விழச் செய்து, தெள்ளுகள் எந்த ஆழத்தில் நிற்கின்றன என்று குறியுங்கள். மீன்வாடை நீரில் கீழே இறங்கும் போக்கை எதிர்பார்க்கலாம். அதே நீரில் வளர்த்தால் பல இனங்கள் சிறிய உடலோடு முன்கூட்டியே முட்டை சுமக்கும்.

படி 7: ஆண்களும் உறங்கும் முட்டைகளும்

குளம் வற்றும் அறிகுறி கிடைத்தால் தாய்கள் ஆண் குஞ்சுகளை ஈனத் தொடங்கும். இங்கே ஆணைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தம் கிடையாது. தாய்க்குக் கிடைக்கும் சூழல் அறிகுறி ஓமோனாக மாறி முட்டையின் பாலைத் தீர்மானிக்கிறது. அதன்பின் கலவியில் உண்டாகும் முட்டைகளைச் சுற்றித் தாயின் முதுகு ஓடு கறுத்துத் தடித்து ஒரு சேணம் போலாகிக் கழன்றுவிடும். அந்த உறைக்குள் முட்டை வரட்சியிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் உறங்கும்.

வடநாடுகளில் பகல் குறுகுவதே முக்கிய அறிகுறி. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆகவே இங்கே நெருக்கத்தையும் பசியையும் சோதியுங்கள். 100 மில்லிலீற்றரில் ஐந்து, ஐம்பது என இரு கோப்பை. தலைக்குரிய உணவு சமமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நெருக்கத்தின் விளைவையும் பசியின் விளைவையும் பிரிக்க முடியாது. சிறிய உடலும் நீண்டு வளைந்த உணர்கொம்பும் உள்ளவை ஆண்கள்.

கோடையில் வற்றிய குளத்து ஓரச் சேற்றின் மேற்படையை ஒரு பை நிறைய எடுத்துவாருங்கள். மழைநீரில் கரைத்து, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் தோன்றும். நோர்வேயில் இருந்த விலங்கியலாளர் ஸார்ஸ், 1885 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த காய்ந்த சேற்றை நனைத்தே, மேலே சொன்ன லும்ஹொல்ட்சியை வளர்த்து விவரித்தார்.

படி 8: மூன்றாம் தலைமுறையில்தான் தீர்ப்பு

உப்பான குளத்துத் தெள்ளு, நன்னீர்க் குளத்துத் தெள்ளைவிட உப்பைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மரபில் ஏறிய தாங்குதிறனா, வளர்ந்த நீரின் விளைவா? பிடித்த உடனே சோதித்தால் விடை கிடைக்காது. தாய் இருந்த நீர் முட்டைப் பையிலுள்ள குஞ்சையும் பாதிக்கிறது. ஆகவே இரண்டு குளங்களிலிருந்தும் பல தாய்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குலம் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே நன்னீரில் இரண்டு தலைமுறை வளருங்கள். மூன்றாம் தலைமுறைக் குஞ்சுகளைப் படி 5 இன் முறையில் சோதியுங்கள். வேறுபாடு அப்போதும் நின்றால், அது மரபில் இருக்கிறது. மறைந்தால், அது தனி உயிரின் இசைவாக்கம் மட்டுமே.

இப்படி நடப்பது கற்பனை அல்ல. அமெரிக்காவில் வீதிப் பனியை உருக்கக் கொட்டும் உப்பு நீர்நிலைகளில் கலக்கிறது. 2017 இல் வெளியான ஆய்வில், அத்தகைய உப்பில் இரண்டரை மாதம் வாழ்ந்த டப்னியாக் கூட்டங்களை மூன்று தலைமுறை ஒரே நன்னீரில் வளர்த்துச் சோதித்தபோதும் தாங்குதிறன் எஞ்சியிருந்தது. ஐரோப்பாவின் கொன்ஸ்ரன்ஸ் ஏரியில் அடிச்சேற்றின் வெவ்வேறு ஆண்டுப் படைகளில் உறங்கிய முட்டைகளைப் பொரித்து 1999 இல் வெளியிட்ட ஆய்வு, ஏரி மாசடைந்த பின் வந்த தெள்ளுகள் நச்சு அல்காவை முந்தியவற்றைவிட நன்கு தாங்கின என்று காட்டியது.

ஒவ்வொரு கோப்பையிலும் குளத்தின் பெயர், தாயின் எண், தலைமுறை எண், திகதி ஆகியவற்றை ஒட்டுங்கள். தலைமுறை எண் இல்லாத கோப்பை இந்தப் படியில் பயன்படாது.

முடிந்தபின் வளர்ப்பு நீரையும் சேற்றையும் எந்தக் குளத்திலும் கிணற்றிலும் ஊற்ற வேண்டாம். ஒரு குளத்து முட்டை இன்னொரு குளத்துக்குப் போனால், அடுத்து அங்கே ஆராய வருகிறவருக்கு எது அந்தக் குளத்துக்கு உரியது என்று தெரியாமல் போய்விடும். கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, தென்னை மரத்தடியில் கொட்டுங்கள். வலையையும் கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவையுங்கள். வெயில் மட்டும் அந்த முட்டைகளைக் கொல்லாது.